புளி போட்டுத் தேய்த்த அச்சு

அக்டோபர் 11, 1983, செவ்வாய்

இன்று நானூற்றிருபது சிமிழ். இரண்டு மணி நேரம் கரண்ட் இல்லை, இல்லாவிட்டால் ஐந்நூறு தாண்டியிருக்கும். வலது கட்டைவிரல் கொப்புளம் உடைந்துவிட்டது.

குங்குமச் சிமிழ்தான் இந்த மாதம் முழுக்க. பெட்டியும் மூடியும் ஒரே துண்டாக வரும். நடுவில் காகிதம்போல மெலிசாக ஒரு பட்டை, அதுதான் கீல். அரியமுத்து அண்ணன் மெஷின் கைப்பிடியை இழுத்து அழுத்துவார். உருகின பிளாஸ்டிக் அச்சுக்குள் இறங்கும். அச்சைத் திறந்தால் ஒரே காம்பில் இரண்டு சிமிழ் ஜோடியாக வரும். நான் காம்பை வெட்டி, சூடு ஆறுவதற்குள் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை மூடித் திறக்க வேண்டும். முதல் நாளே புஷ்பவல்லி அக்கா சொல்லிக்கொடுத்தது: "சூட்டோட மடக்குடி. ஆறிப்போனா மொறச்சிக்கும்." ஏன் என்று அவருக்கும் தெரியாது.

ஜோடியில் ஒன்றின் அடியில் சின்னதாக ஒரு புள்ளி இருக்கும். அச்சில் இரண்டு குழி. எந்தக் குழியில் வந்தது என்று தெரிவதற்காகப் புள்ளி. யாரும் பார்ப்பதில்லை. நான் அதிகம் பேசாததால் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பேன்.

மத்தியானம் அச்சில் ஒரு பிசிறு ஒட்டியிருந்தது. எடுக்கப் போனேன். "கை படக்கூடாது" என்றார் அரியமுத்து அண்ணன். அவரே பழைய பனியன் துணியால் துடைத்து எடுத்தார்.

என் கை படக்கூடாதா, யார் கையும் படக்கூடாதா? கேட்கவில்லை. எங்கள் தெருவிலிருந்து வருகிறவர்கள் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வதில்லை.

அக்டோபர் 14, வெள்ளி

நாளை ஆயுத பூஜை. மெஷினை நிறுத்திவிட்டுச் சுத்தம் செய்தோம். அரியமுத்து அண்ணன் அச்சைக் கழற்றி மேசைமேல் விரித்து வைத்துவிட்டு, பூ வாங்க பஸ் ஸ்டாண்டு பக்கம் போய்விட்டார். புஷ்பவல்லி அக்கா ஒட்டடை அடித்தார். எனக்கு சாமான் தேய்க்கிற வேலை. தாம்பாளம், குத்துவிளக்கு, தூபக்கால். புளியும் செங்கல் தூளும் போட்டு நன்றாகத் தேய்த்தேன். தங்கம் மாதிரி வந்தது.

அச்சைப் பார்த்தேன். மங்கலாக ஒரு படலம் இருந்த மாதிரி தெரிந்தது. எல்லாவற்றுக்கும் நாளைக்குச் சந்தனம் வைக்கப் போகிறார்கள், இது மட்டும் அழுக்காக இருக்கிறதே.

அது மட்டும்தானா காரணம்? கை படக்கூடாது என்று சொன்னாரே, அந்தக் கை எப்படி வேலை செய்யும் என்று காட்ட நினைத்தேனா? இருக்கலாம்.

புள்ளி உள்ள குழியை நன்றாகத் தேய்த்தேன். இரண்டாவது குழிக்குப் போகும்போது முதலாளி கூப்பிட்டுவிட்டார், வாசல் தெளிக்க. அதைச் சும்மா ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் போனேன்.

அக்டோபர் 15, சனி

பூஜை நல்லபடியாக முடிந்தது. பொரி, கடலை, கல்கண்டு. அச்சுக்கும் (இங்கே டை என்பார்கள்) சந்தனம் குங்குமம் வைத்தார்கள். "ஏன்டி வேம்பு, டை பளபளன்னு இருக்கு, மாப்ள வீட்டுக்காரங்க வராங்களா?" என்று புஷ்பவல்லி அக்கா கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். யார் தேய்த்தது என்று யாரும் கேட்கவில்லை. எனக்குள் சந்தோஷமாக இருந்தது.

அக்டோபர் 17, திங்கள்

கீல் உடைகிறது.

காலையில் முதல் நாற்பது ஜோடியில் பதினைந்து மூடி என் கையோடு வந்துவிட்டது. கண்ணாடிபோல இருக்க வேண்டிய சிமிழ், பால் கலந்த தண்ணீர்போல வெளுத்து வருகிறது. மடக்கினால் கீலில் ஒரு வெள்ளைக் கோடு, பிறகு படக்.

"மெதுவா மடக்கு புள்ள" என்றார் அரியமுத்து அண்ணன். மெதுவாகத்தான் மடக்கினேன்.

சந்தனம் ஒட்டியிருக்கும் என்று அச்சைத் துணியால் திரும்பத் திரும்பத் துடைத்தார். அப்படியும் சரியாகவில்லை. நான் தேய்த்தது நினைவுக்கு வந்தது. ஆனால் சுத்தம் செய்ததால் ஒரு பொருள் கெட்டுப்போகுமா? பாத்திரம் விளக்கினால் சோறு கெடுமா?

அக்டோபர் 18, செவ்வாய்

சூடு பத்தவில்லை என்று குமிழைத் திருகிச் சூட்டைக் கூட்டினார். இன்னும் வெளுத்தது. குறைத்தார். அச்சு முழுக்க நிரம்பவில்லை. கடைசியில் ஈரச்சாக்கை அச்சின் மேல் போட்டு ஆற்றினார். அப்போது கொஞ்சம் தெளிந்தது. சட்டென்று ஆறினால் தெளிவு, மெல்ல ஆறினால் வெளுப்பு. ஆனாலும் உடைவது நிற்கவில்லை.

முதலாளி பாலசுந்தரம் மூன்று தடவை வந்து பார்த்துவிட்டுப் போனார். உடைந்த மூடியைக் கையில் உருட்டினார். அவர் சத்தம் போட்டால்கூடத் தேவலை.

அக்டோபர் 20, வியாழன்

உடையாததாகப் பொறுக்கி அறுநூறு சிமிழ் சிறுவாச்சூருக்கு அனுப்பினோம். கோயில் வாசலில் பூஜைச் சாமான் கடை வைத்திருக்கும் ரெங்கம்மாளுக்கு. அந்தக் கோயில் வெள்ளி, திங்கள் மட்டும்தான் திறக்கும், நாளைக்குக் கூட்டம் வரும்.

பொறுக்கியது நான். போகிற வழியில் உடையாமல் இருக்க வேண்டும்.

அக்டோபர் 22, சனி

எழுதவே கை வரவில்லை.

ரெங்கம்மாள் கூடையோடு பஸ் ஏறி வந்துவிட்டார். மேசைமேல் கொட்டினார். மூடி தனி, பெட்டி தனி. "அம்மா சன்னதிக்கு வாங்கிட்டுப் போறவ கையிலயே மூடி கழண்டு விழுவுது, குங்குமம் மண்ணுல. ஒருத்தி என் மூஞ்சிக்கு நேரா கேக்குறா, இதுதான் நீ விக்கிற லட்சணமான்னு. நான் யாருக்குன்னு பதில் சொல்றது?" மீதி ஆர்டரை வேறு யாரிடமாவது கொடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகுதான். முதலாளி பிளாஸ்டிக் குருணை மூட்டைக்குள் கையை விட்டு அள்ளிப் பார்த்தார். "அரியமுத்து, புதுக் குருணை எங்க போச்சு?"

"அதான் ஓடுது மொதலாளி."

"பழைய ஒடசல அரச்சிக் கலந்துட்டு, புதுச வெளிய தள்ளுனா இப்புடித்தான் ஒடையும். இருவது வருசமா பிளாஸ்டிக்ல இருக்கேன்."

அரியமுத்து அண்ணன் முகம் எப்படி ஆனது என்று எழுத எனக்குத் தெரியவில்லை. "திருடன்றீங்களா?" என்று மட்டும் கேட்டார். முதலாளி இல்லை என்று சொல்லவில்லை. அண்ணன் கையைத் துடைத்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு, டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

நான் பக்கத்தில் நின்றேன். ஒரு கை நீட்டினால் தொடும் தூரத்தில்.

அக்டோபர் 24, திங்கள்

அவர் வரவில்லை. முதலாளியே கைப்பிடியை இழுக்கிறார்.

அக்டோபர் 25, செவ்வாய்

ஐயோ. நான்தான்.

இன்று முதலாளி புது மூட்டையை அவிழ்த்து, தன் கையாலேயே போட்டு ஓட்டினார். அதிலும் உடைந்தது. "கம்பெனிக்காரனே கலந்து அனுப்புறான்" என்றார். அண்ணனைத் திருடன் என்றதை மட்டும் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. வெட்டுகிறபோது புள்ளி உள்ளதை இடப்பக்கமும் இல்லாததை வலப்பக்கமும் போட்டேன். இருபது ஜோடி. பிறகு ஒவ்வொன்றையும் பத்துத் தடவை மடக்கினேன்.

புள்ளி உள்ளது: இருபதில் பதினேழு உடைந்தது.
புள்ளி இல்லாதது: ஒன்றுகூட உடையவில்லை.

ஒரே இழுப்பில் வந்த ஜோடி. அதே குருணை, அதே சூடு, அதே நேரம். குருணை கெட்டதென்றால் இரண்டும் உடைய வேண்டும். சூடு தப்பென்றால் இரண்டும் வெளுக்க வேண்டும். இத்தனை நாளும் எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டதால் யாருக்கும் தெரியவில்லை.

புள்ளி உள்ள ஒன்றை பல்பு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மூடியின் மேல் மெலிசாக, முடியைவிட மெலிசாகக் கோடுகள். வட்டம் வட்டமாக. நான் தாம்பாளம் தேய்க்கிற வட்டம். என் கை போன பாதை. புள்ளி உள்ள ஒவ்வொரு சிமிழிலும் அது இருக்கிறது. சிறுவாச்சூருக்குப் போன அறுநூறிலும் பலவற்றில் இருந்திருக்கும்.

யாராவது வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் போதும்.

இருபது ஜோடியையும் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு வந்து வீட்டுத் தகரப் பெட்டிக்கு அடியில் வைத்திருக்கிறேன். ஏன் எடுத்து வந்தேன்? காட்டவா, மறைக்கவா?

அக்டோபர் 26, புதன்

அம்மா கேட்டது, "வேல போச்சாடி? சொல்லித் தொலையேன்." இல்லை என்று தலையாட்டினேன். "பின்ன ஏன் சோத்த அளஞ்சிக்கிட்டு இருக்க?"

தம்பி பூஜைக் கல்கண்டைக் கடித்துவிட்டு வாயிலிருந்து நூலை இழுத்துத் துப்பினான். கட்டிக் கல்கண்டுக்குள் எப்போதும் நூல் இருக்கும். பாகில் நூலைத் தொங்கவிட்டால் அதைப் பிடித்துக்கொண்டுதான் கட்டி கட்டியாக வளரும். நூல் இல்லாவிட்டால் பாகு பாட்டுக்கு இருக்கும், எங்கே பிடிப்பது என்று தெரியாமல்.

உருகின பிளாஸ்டிக்கும் அப்படித்தானா? வழவழப்பான இடத்தில் பிடிக்க எதுவும் இல்லை, மொத்தமாக அமைதியாக இறுகும். கீறல் இருந்தால் ஒவ்வொரு கீறலும் ஒரு நூல். அங்கங்கே பிடித்து வளரும், ஒன்றோடொன்று முட்டும். முட்டுகிற இடத்தில்தான் உடையுமோ? கீல் காகிதம் மாதிரி மெலிசு. அதில் இரண்டு பக்கமும் வளர்ந்தால் நடுவில் வளைவதற்கு என்ன மிச்சம் இருக்கும்?

இது சரியா என்று தெரியாது. எட்டாவதோடு நின்றவள். ஆனால் ஈரச்சாக்கு போட்டபோது ஏன் கொஞ்சம் தெளிந்தது என்பதும் இதில் சேருகிறது. வளர நேரம் கிடைக்கவில்லை.

எல்லாம் சேருகிறது. அதுதான் பயமாக இருக்கிறது.

அக்டோபர் 28, வெள்ளி

இன்று சொல்லிவிட வேண்டும் என்று போனேன். முதலாளி மேசை வரை போய்விட்டேன். "என்ன?" என்றார். "தண்ணி வேணுங்களா?" என்று கேட்டுவிட்டு வந்தேன்.

தண்ணி வேணுமாம். சீ.

சொன்னால் என்ன ஆகும்? அச்சைக் கெடுத்தது அந்தத் தெருப் பெண் என்பார்கள். எனக்குப் பிறகு எங்கள் தெருவிலிருந்து யாரையும் உள்ளே விடமாட்டார்கள். பக்கத்து வீட்டுச் செங்கமலம் வேறு, தனக்கும் ஒரு வேலை கேட்டுச் சொல்லச் சொல்லியிருக்கிறாள். சொல்லாவிட்டால் அரியமுத்து அண்ணன் திருடன். பத்து நாளில் ஊரெல்லாம் அதுவே பெயராகிவிடும்.

அக்டோபர் 31, திங்கள்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். இல்லாவிட்டால் தூங்க முடியாது.

குருணை சரியில்லை என்று எழுதிய கடிதத்துக்குக் கம்பெனி பதில் போடாததால் முதலாளி அச்சை அரியலூருக்கு எடுத்துப் போனார். அச்சைக் கடைந்து கொடுத்த அழகேசன் என்பவரிடம் காட்ட. கெட்ட சிமிழ் கூடையைத் தூக்கி வர ஒரு ஆள் வேண்டும். புஷ்பவல்லி அக்கா பிள்ளைக்குக் காய்ச்சல். என்னை வரச் சொன்னார். பெட்டிக்கு அடியில் இருந்த இருபது ஜோடியையும் சேலையில் முடிந்து எடுத்துக்கொண்டேன். பஸ்ஸில் வழியெல்லாம் ஜன்னலில் சுண்ணாம்புக்கல் லாரிப் புழுதி. நான் கண்ணை மூடிக்கொண்டே வந்தேன்.

ரயிலடி போகிற வழியில் அவருடைய லேத் பட்டறை. காது அடைக்கும் சத்தம். முதலாளி அச்சை விரித்து, குழிக்குள் விரலை வைத்துக் காட்டப் போனார். அழகேசன் அவர் கையைப் பட்டென்று தட்டிவிட்டார். "கைய எடுங்க சார். வேர்வ பட்டா நாளைக்கே துரு. நானே வெறுங்கையால தொட மாட்டேன்."

அப்படியே நின்றேன். யார் கையும்தான். முதலாளி கையும்.

அவர் வாட்ச் ரிப்பேர்காரர்கள் வைக்கிற கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு குனிந்தார். வெகு நேரம் பார்த்தார். "இத யாரோ தேச்சிருக்காங்க சார். வட்டம் வட்டமா. பித்தளக் குண்டான் வெளக்குற மாரி."

முதலாளி உடனே, "அந்த அரியமுத்து பய வேலையாத்தான் இருக்கும்" என்றார். "திருட்டும் பண்ணிட்டு, டையையும் கெடுத்துட்டுப் போயிருக்கான்."

"நாந்தாங்க" என்றேன்.

லேத் சத்தத்தில் கேட்கவில்லை. இரண்டு பேரும் திரும்பவே இல்லை. அப்படியே விட்டுவிடலாம், சொன்னது சொன்னதுதானே என்று ஒரு நொடி நினைத்தேன். நினைத்தேன், பொய் எழுத மாட்டேன். பிறகு கத்தினேன். அந்த நேரம் பார்த்து லேத்தை நிறுத்தினார்கள். "நாந்தாங்க தேச்சேன்" என்பது பட்டறை முழுக்கக் கேட்டது. வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள்.

முடிச்சை அவிழ்த்து ஜோடிகளை வைத்தேன். புள்ளி உள்ளது இடம், இல்லாதது வலம். "இது பூரா தேச்சது. இது சும்மா தொடச்சது. ஒரே இழுப்புங்க. குருண நல்லதுதாங்க. அண்ணன் எடுக்கல." கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அழகேசன் உடையாததை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தார். "எதப் போட்டுத் தேச்ச பாப்பா?"

"புளி. செங்கத் தூளு."

அவர் சிரிப்பை அடக்கியது தெரிந்தது. "பாலீஷ் போடவே நாலு நாள் ஆச்சு எனக்கு" என்றார். முதலாளி சிரிக்கவில்லை. வலப்பக்கத்துச் சிமிழ் ஒன்றைத் திறந்து மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்து பெரம்பலூரில் இறங்கியதும் முதலாளி சொன்னார்: "டை வர்ற வரைக்கும் வர வேணாம். அரியமுத்துகிட்ட நான் போக முடியாது. நீ போ."

ஏன் முடியாது? கேட்கவில்லை.

நவம்பர் 1, செவ்வாய்

அம்மாவிடம் சொன்னேன். அடிக்கவில்லை. "புளி என்ன வெல விக்கிது, அத இரும்புல தேச்சாளாம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தது.

நவம்பர் 4, வெள்ளி

தீபாவளி. தம்பிக்கு மட்டும் சட்டை.

நவம்பர் 6, ஞாயிறு

வாலிகண்டபுரம் போனேன். அரியமுத்து அண்ணன் வீடு கோயிலுக்குப் பின்பக்கம். வாசலிலேயே நின்றேன். அவர் மனைவி பார்த்துவிட்டு, "யாரு? உள்ள வா" என்றார். நான் நகரவில்லை. பிறகு அவரே வந்தார். சவரம் செய்யாத முகம். கடலைக் கொல்லைக்குக் கூலிக்குப் போகிறாராம்.

எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லிப் பழகிவிட்டதோ என்னவோ, இந்தத் தடவை அழவில்லை. சிமிழ் ஜோடி ஒன்றைக் கொடுத்தேன். வெயிலில் பிடித்துப் பார்த்தார். அவருக்கு விளக்கவே தேவைப்படவில்லை, வட்டத்தைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது.

"கை படக்கூடாதுன்னு சொன்னனே."

"எங் கைன்னு நெனச்சேன்."

அவருக்கு அது உடனே விளங்கவில்லை. விளங்கியபோது என்னைப் பார்க்காமல் கோயில் மதிலைப் பார்த்தார். அவர் மனைவி உள்ளே போய்விட்டார்.

பிறகு, "அவரு என்னத் திருடன்னு சொன்னப்ப நீ எங்க நின்ன?" என்று கேட்டார்.

"பக்கத்துலங்க."

"ம்."

அவ்வளவுதான். போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. நானாகத்தான் வந்தேன். அன்றைக்கு எனக்குத் தெரியாது அண்ணே, தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் தெரிந்த பிறகும் ஆறு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேனே. செவ்வாயிலிருந்து திங்கள் வரைக்கும்.

நவம்பர் 11, வெள்ளி

அச்சு வந்துவிட்டது. என்னையும் கூப்பிட்டார்கள். நம்பவே முடியவில்லை. புஷ்பவல்லி அக்காதான் வந்து சொன்னார்: "வாடி, புளி இல்லாம வா."

அரியமுத்து அண்ணனும் வந்திருந்தார். முதலாளி என்ன பேசினாரோ, ரெங்கம்மாளையும் வைத்துக்கொண்டு பேசினார் என்கிறார்கள். இரண்டு குழியிலும் சிமிழ் தண்ணீர்போல வருகிறது. மடக்கினேன், மடக்கினேன், உடையவில்லை.

ஆனால் அண்ணன் என்னோடு பேசுவதில்லை. சூடான ஜோடியை என் பக்கம் நீட்டாமல் புஷ்பவல்லி அக்காவிடம் கொடுக்கிறார். அவர் என்னிடம் கொடுக்கிறார். "நான் என்ன தபால்காரியா?" என்றார் அக்கா. யாரும் சிரிக்கவில்லை. கைமாறி வருவதற்குள் பாதிச் சூடு போய்விடுகிறது. நான் வேகமாக மடக்கிக்கொள்கிறேன்.

நவம்பர் 18, வெள்ளி

அப்படியேதான்.

நவம்பர் 29, செவ்வாய்

எண்ணெய்ப் புட்டி மூடிக்குப் புது அச்சு. கனமான மூடி. காலையில் ஓட்டினால் வெள்ளை வெள்ளையாக வந்தது. எல்லாரும் நிமிர்ந்தார்கள். முதலாளி என்னைப் பார்த்தார். "இத யாரும் தொடலியே?"

"யாரும் தொடலிங்க மொதலாளி" என்றார் அரியமுத்து அண்ணன். "டைலதான் கோளாறு. அழகேசன் பாலீஷ் சரியாப் போடல. சூடெல்லாம் சரியா வெச்சிருக்கேன்."

முதலாளி ஒரு மூடியை என் முன்னால் உருட்டிவிட்டார். "நீ பாரு."

வெட்டுக்கத்தியால் குறுக்கே பிளந்தேன். வெளிச்சத்தில் பிடித்தேன். இரண்டு பக்கத்துத் தோலும் கண்ணாடி. கீறல் இல்லை, வட்டம் இல்லை. நடுவில் மட்டும் வெள்ளை, தேங்காய்ப் பத்தை மாதிரி. வெளியே சட்டென்று ஆறிவிட்டது, உள்ளே ஆற நேரம் எடுத்து வளர்ந்திருக்கிறது. அச்சின் மேல் தப்பு இல்லை.

தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். அழகேசன் அரியலூரில் இருக்கிறார், அவர் மேல் போட்டால் அவருக்குக் கேட்கப் போவதில்லை. அண்ணனும் ஒருவேளை இன்றோடு பேச ஆரம்பிப்பார்.

"டை நல்லாருக்குங்க" என்றேன். "சூடு கூடங்க."

சத்தமாகச் சொல்லவில்லை, ஆனாலும் எல்லாருக்கும் கேட்டது. அரியமுத்து அண்ணன் என்னைப் பார்த்தார். நவம்பர் ஆறுக்குப் பிறகு முதல் தடவை. "எவ்வளவு கூட?"

"அது தெரியலிங்கண்ணே. கொஞ்சம் கொறச்சிப் பாக்கணும்."

அண்ணன் குமிழைத் திருகினார். ஐந்தாறு மூடியை ஓடவிட்டு, எல்லாவற்றையும் கூடையில் தள்ளினார். ஏழாவதை எடுத்தார். புஷ்பவல்லி அக்கா வழக்கம்போலக் கையை நீட்டினார். அண்ணன் அவரைத் தாண்டி வந்து, கொதிக்கக் கொதிக்க என் உள்ளங்கையில் வைத்தார்.

"அறுத்துப் பாத்துச் சொல்லு" என்றார்.